சம்பந்தி வீட்டுக்குப் போய்வந்த பன்னிரண்டு மில்லிக் கட்டை

அன்று அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் தம்பி, என் மருமகள், என் சம்பந்தி, அவர் மனைவி. என் மகனும் வந்திருந்தான். ஆனால் ஏழாவது ஆள் உள்ளே நுழைந்தால் உடம்புச் சூட்டில் அறையின் வெப்பம் ஏறிவிடும் என்று சம்பந்தி அவனைக் கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த அறையில் இல்லாதவர்கள்தான் இப்போது கடைத்தெரு முழுக்க அங்கே நடந்ததை விவரித்துக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தின் பெயர் அடிபடும் இடத்தில் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

எங்களுக்குச் சொந்தமாகப் பட்டறை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நோயாளிக்கு மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் ஒரு பம்பு உண்டு. அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் எஃகுத் தண்டை நாங்கள் செய்கிறோம். பன்னிரண்டு மில்லிமீட்டர் பருமன். அதில் ஐந்து மைக்ரான் கூடலாம், ஐந்து மைக்ரான் குறையலாம், அதற்கு மேல் கூடாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் மைக்ரான். தலைமுடியை அதன் பக்கத்தில் வைத்தால் தூண் மாதிரி இருக்கும். மெஷினைத் தம்பியும் மகனும் பார்த்துக்கொள்கிறார்கள். தண்டு அளவில் சரியாக இருக்கிறதா என்று மருமகள் பார்க்கிறாள். குடும்பத்தின் பெயரை நான் பார்க்கிறேன்.

தண்டை அளக்கும் கருவிகளையும் யாராவது அளக்க வேண்டுமல்லவா? வருஷத்துக்கு ஒரு முறை அவற்றைச் சரிபார்த்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருவதுதான் காலிபரேஷன். எங்களுக்கு அதைச் செய்து தருபவர் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா. கடைத்தெருவில் அவருக்கு ‘மைக்ரான்’ என்று பட்டப்பெயர். எதிரே நிற்பவரின் சட்டையில் ஒரு பொத்தான் தள்ளித் தைக்கப்பட்டிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தெருவில் அவர் ஸ்டிக்கர் இல்லாமல் பருமன் அளக்கும் மைக்ரோமீட்டரைப் பார்ப்பது அரிது.

அப்படிப்பட்டவர் வீட்டில் பெண் எடுத்தோம். விசாரிக்காமல் எடுக்கவில்லை. பெண்ணின் தாத்தா என்ன தொழில் செய்தார், தாத்தாவின் தம்பி ஏன் ஊரைவிட்டுப் போனார் என்பது வரை விசாரித்துத்தான் எடுத்தோம்.

பிரச்சினையைக் கொண்டுவந்தவர் பம்பு கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்த ஒரு அம்மா. மெலிந்த உருவம், அதைவிட மெலிந்த சிரிப்பு. பட்டறையை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கேட்டார்.

“காலிபரேஷன் யார் செய்றாங்க?”

“என் சம்பந்தி,” என்றேன்.

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். “சரிங்க. அவருக்கு முறையான அங்கீகாரம் இருக்கா?”

என் தம்பிக்கு நாக்கில் நரம்பு கிடையாது. “அவர் வீட்டுலதான் எங்க அண்ணன் பொண்ணு எடுத்திருக்காரும்மா. அதைவிடப் பெரிய அங்கீகாரம் எங்க வீட்டுல கிடையாது,” என்றான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அங்கீகாரம் என்பது என்ன என்று பொறுமையாகச் சொன்னார். அதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறதாம். ஆள் அனுப்பி, அளப்பவரின் கருவி, முறை, திறமை, அறை எல்லாவற்றையும் கிளறிப் பார்த்துச் சான்று கொடுக்குமாம்.

“அது இல்லேன்னா ஏத்துக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன். என் குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

“அப்படி நான் சொல்லலைங்க. உங்க கருவியைச் சரிபார்த்தது எது, அதைச் சரிபார்த்தது எதுன்னு ஏணி மாதிரி படிப்படியா மேலே போய் தேசிய அளவைத் தொடணும், அதுதான் முக்கியம். அங்கீகாரம் பெற்றவர்னா அதை வேற யாரோ ஏற்கெனவே பார்த்துட்டாங்கன்னு அர்த்தம். இல்லாதவர்னா நீங்கதான் பார்க்கணும். வேணுமா, வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. காரணம் சொல்லுங்க. உங்க தரப் பொறுப்பாளர் கையெழுத்து போடட்டும்.”

எல்லோரும் தரப் பொறுப்பாளரைப் பார்த்தோம். தரப் பொறுப்பாளர் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் என் மருமகள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சு வேறெதிலும் நிற்கவில்லை.

“இதிலே முடிவு பண்ண என்னம்மா இருக்கு? தேவையில்லைன்னு எழுதிடு,” என்றேன்.

“காரணம் என்னன்னு எழுதறது மாமா?”

“சம்பந்தின்னு எழுது.”

“அப்பான்னு எழுதினா இன்னும் பொருத்தமா இருக்கும்.”

என் மனைவிக்குப் புரையேறியது. எனக்குக் கோபம் வந்தது. “உன் அப்பாவைச் சந்தேகப்படறியா? அவர் எப்படிப்பட்ட மனுஷன்னு உனக்குத் தெரியுமா?”

“மாமா, நான் அவர் வீட்டுலதான் வளர்ந்தேன்.”

பிறகு அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னதுதான் விஷயம். “அங்கீகாரம் தேவைன்னு எழுதினா, மகளே அப்பாவை ஒதுக்கிட்டான்னு கடைத்தெரு சிரிக்கும். அப்பாவோட கடை அதோட படுத்துடும். தேவையில்லைன்னு எழுதினா, அப்பாங்கறதால விட்டுட்டான்னு பம்பு கம்பெனி சிரிக்கும். நம்ம ஆர்டர் படுத்துடும். ரெண்டு பக்கமும் என் கையெழுத்துதான்.” அவள் தன் கணவனைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

என் மகன் எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு,” என்றான்.

“கல்யாணமான நாளா இதையேதான் சொல்றார்,” என்றாள் மருமகள். “நான் அப்பா லேபுக்குப் போய், வேற யார்கிட்ட போனாலும் என்ன கேட்பேனோ அதைக் கேட்கப்போறேன். கேட்டுட்டு எழுதறேன்.”

பெற்ற அப்பாவைச் சோதனை போட மகள் தனியாகப் போனாள் என்ற பேச்சு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பக் கூடாது. ஆகவே எல்லோரும் சேர்ந்து போவது என்று நான் முடிவு செய்தேன். தனியாகப் போனால் விசாரணை, குடும்பமாகப் போனால் விருந்து. என் மனைவி பழக்கூடையை எடுத்துக்கொண்டாள். மருமகள் ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

சம்பந்தியின் லேப் அவர் வீட்டின் பின்பகுதியில் இருக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே எப்போதும் இருபது டிகிரிக் குளிர். எஃகுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளுமாம், மனிதருக்கு ஒத்துக்கொள்வதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. ஆளுக்கு ஒரு சால்வை கொடுத்தார். பழக்கூடைக்கு அனுமதி இல்லை. அதை மகனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். சுவரில் ஒரு வெப்பமானி. ஆறு பேரும் நுழைந்ததும் அது சற்று ஏறியது. அது இறங்கும்வரை யாரும் அசையாமல் நிற்க வேண்டும் என்றார். அசையாமல் நின்றோம், இறங்கிய பிறகுதான் உட்காரச் சொன்னார். அந்த வெப்பமானிக்குக் கிடைக்கும் மரியாதை என் வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மாதான் முதலில் வாய் திறந்தார். “பொண்ணு பிறந்த வீட்டுக்கு வந்தா வயிறு நிறையச் சாப்பிடுவா. இவ ஃபைல் நிறையக் கேள்வியோட வந்திருக்கா. டீயாவது குடிடி.”

“முடிஞ்சதும் குடிக்கறேம்மா. இப்பக் குடிச்சா, டீயைக் குடிச்சிட்டுக் கையெழுத்து போட்டான்னு சொல்வாங்க.”

“யாரு சொல்வாங்க?”

“முதல்ல நீதான் சொல்வே.”

மருமகள் கேள்விகளைத் தொடங்கினாள். கருவியை எவ்வளவு நேரம் அறையில் வைத்த பிறகு அளக்கிறீர்கள், எத்தனை முறை அளக்கிறீர்கள், உங்கள் அளவில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்று எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சம்பந்தி வெள்ளைக் கையுறை போட்ட கைகளைக் கட்டிக்கொண்டு, கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். நான் பெருமையுடன் தம்பியைப் பார்த்தேன். தம்பி சால்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஆமை மாதிரி இருந்தான்.

“உங்க மாஸ்டர் கட்டைகளைக் காட்டுங்கப்பா.”

ஸ்லிப் கேஜ் என்று சொல்வார்கள், எங்களுக்குக் கட்டை. முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சின்னச் சின்ன எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அளவு. மற்றக் கருவிகளை எல்லாம் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு சொல்வார்கள். அவரிடம் ஒரு செட் இருக்கிறது. எங்களிடமும் ஒரு செட் உண்டு. எங்களுடையது தேக்குப் பெட்டியில், வெல்வெட் மேல், என் அலமாரியில், என் சாவியில் இருக்கும்.

“இந்த மாஸ்டரை எதோட ஒப்பிட்டுப் பார்க்கறீங்க?” என்று கேட்டாள் மருமகள்.

“இது என்ன கேள்வி? உங்க மாமா வீட்டு செட்டோட.”

அவள் பேனா நின்றது. “எப்போலேர்ந்து?”

“உன் கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடி அங்கீகாரம் வாங்கின பெரிய லேபுக்கு அனுப்பிட்டிருந்தேன். உங்க மாமாதான், ‘எங்க வீட்டு செட் இருக்கும்போது வெளியாள்கிட்ட ஏன் போறீங்க’ன்னு கேட்டார். அப்படி ஒருத்தர் கேட்ட பிறகு எப்படிப் போறது?”

“கேட்டேன். முறையாத்தான் கேட்டேன்,” என்றேன்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். “மாமா, நம்ம வீட்டு செட்டை யார் சரிபார்க்கறாங்க?”

“இதுவும் ஒரு கேள்வியா? உங்கப்பாதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

தம்பி சால்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். “அதாவது, அண்ணன் சரின்னு சம்பந்தி சொல்றார். சம்பந்தி சரின்னு அண்ணன் சொல்றார். ரெண்டு பேரும் சரின்னு நான் சொல்றேன். முடிஞ்சுது. டீ கொண்டு வரச் சொல்லுங்க.”

“ரெண்டு கடிகாரமும் ஒண்ணை ஒண்ணு பார்த்து மணி வெச்சிருக்கு,” என்றாள் என் மனைவி. “ஊர்ல மணி என்னன்னு ரெண்டுக்கும் தெரியாது.”

“ஏணி மேலே போகணும் மாமா,” என்றாள் மருமகள். “நம்ம ஏணி வளைஞ்சு மறுபடி நம்ம வாசல்லயே இறங்குது. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க தாத்தாவோட தம்பி ஏன் ஊரை விட்டுப் போனார்னு கேட்டீங்களே. இந்தக் கட்டைக்கு அப்பா யாருன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

நான் எழுந்துவிட்டேன். என்ன பேசினேன் என்பது முக்கியமில்லை. குடும்பம், வார்த்தை, நம்பிக்கை என்று பேசினேன், கொஞ்சம் உரக்கவே பேசினேன். சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. கால் டிகிரி ஏறிடுச்சு.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு என் கோபம் இருபது டிகிரியிலேயே இருந்தது.

மருமகள் விடவில்லை. “ரெண்டு செட்டையும் ஒப்பிடறப்ப எப்பவும் ஒத்துப்போச்சாப்பா?”

இந்த முறை சம்பந்தி கேள்வி முடிந்த பிறகு, கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டுதான் சொன்னார். “பெரும்பாலும்.”

“ஒத்துப்போகாதது?”

“பன்னிரண்டு மில்லி. அதுல கொஞ்சம் வித்தியாசம் வரும். வருஷா வருஷம் கொஞ்சம் கூடிக்கிட்டே போச்சு.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“என் கட்டைதான் பிசகுன்னு எடுத்துக்கிட்டு, அதுக்குத் தக்கபடி திருத்தம் போட்டுக்குவேன்.”

“உங்களுதுதான் பிசகுன்னு எப்படித் தெரியும்?”

“அது எப்படித் தெரியும்?” என்றார் அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொண்ணைக் கொடுத்திருக்கேன். அந்த வீட்டுக் கட்டை தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது?”

மருமகள் ஃபைலை மூடினாள். அவள் கண் கலங்கியிருந்ததைக் குளிர் என்று சொல்லிச் சமாளித்தாள். சம்பந்தியம்மா தன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

சம்பந்தி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். “எழுதும்மா. என் ஸ்டிக்கரை நம்பி இந்தத் தெருவே வேலை செய்யுது. தகுதியில்லைன்னு நீ எழுதினா கடையைச் சாத்திட்டுப் போறேன். அதுல எனக்கு வருத்தம் உண்டு, கோபம் கிடையாது. ஆனா எனக்காகப் பொய் எழுதிடாதே.” கழற்றிய கையுறைகளில் ஒன்று தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அவர் எதையும் தரையில் விட்டுவைப்பவர் அல்ல. அதனால் நான் குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த என் மகன், அப்பா சம்பந்தியின் காலில் விழுந்துவிட்டார் என்று தன் சித்திக்கு, அதாவது தம்பியின் மனைவிக்கு, அங்கேயே போன் போட்டுவிட்டான். அந்தப் புரளியை அன்று மாலையே நான் அடக்கிவிட்டேன். பழக்கூடையில் திராட்சை இல்லாமல் போனதற்கும் அவனே பொறுப்பு.

“இந்தப் பேச்சு இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது,” என்றேன் நான்.

“போகாது மாமா,” என்றாள் மருமகள். “தண்டுதான் போகும். யாரோ படுத்திருக்கிற கட்டிலுக்குப் பக்கத்துல போய் நிக்கும்.”

எங்கள் வீட்டுப் பெயரைக் காப்பாற்றுவது என் வேலை என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பெயர் தண்டின் மேலும் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை அவள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கே தெரியும். அதனால் முடிவை நானே சொன்னேன்.

“நாளைக்குப் பெரிய லேபுக்கு ரெண்டு செட்டும் போகட்டும். முதல்ல எங்களோடது, எங்க பேர்ல. சம்பந்தி சோதனைக்கு ஆளானார்னு யாரும் சொல்ல வேண்டாம். நாங்கதான் சோதனைக்குப் போறோம்.”

சம்பந்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பெருந்தன்மை என்று அவர் நினைத்திருக்கலாம். உள்ளதைச் சொல்கிறேன்: எங்கள் செட் அப்பழுக்கில்லாமல் இருக்கும், அது போய் அவரையும் கரையேற்றிவிடும் என்றுதான் நான் நம்பினேன்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். மேஜையில் செய்தித்தாளை விரித்தேன். துணி எடுத்தேன், டப்பாவைத் திறந்தேன், பன்னிரண்டு மில்லிக் கட்டையைத் தேய்க்கத் தொடங்கினேன். மருமகள் கதவருகே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“மாமா, என்ன பண்றீங்க?”

“வெளியிடத்துக்குப் போகுதில்லே? மங்கலா அனுப்பலாமா?”

“அது என்ன டப்பா?”

“வெள்ளிப் பாத்திரம் துலக்கற பசை. உங்க அத்தையோடது.”

அவள் மெதுவாக வந்து என் எதிரே உட்கார்ந்தாள். குழந்தையிடம் கத்தரிக்கோலைக் கேட்பதைப் போன்ற குரலில் கேட்டாள். “இதுக்கு முன்னாடியும் தேய்ச்சிருக்கீங்களா?”

“இதென்ன கேள்வி? வருஷா வருஷம். உங்கப்பா வீட்டுக்குப் போற பொருள் என்னைக்காவது அழுக்காப் போயிருக்கா? ஆள் வெச்சுக்கூட இல்லை, நானே உட்கார்ந்து தேய்ப்பேன். இந்தப் பன்னிரண்டு மில்லிதான் அதிகமாப் புழங்கறது. விரல் ரேகையா இருக்கும். அதனால இதை இன்னும் ரெண்டு பங்கு.”

மருமகள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. சிரிப்பை அடக்கியது போதாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். என் மனைவி ஓடிவந்தாள். டப்பாவைப் பார்த்தாள். “என் பசை மாசா மாசம் எங்கே போகுதுன்னு கேட்டேனே!” என்றாள். நான் தேய்த்தது வருஷத்துக்கு ஒரு முறைதான். மாசா மாசம் காணாமல் போனதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

கட்டையை மெல்லிய துணியால் துடைக்கலாமாம். பசை போட்டுத் தேய்த்தால் பளபளப்போடு எஃகும் கூடவே வந்துவிடுமாம். தம்பியையும் மகனையும் கூப்பிட்டுக் கேட்டேன். இருவரும் ஆமாம் என்றார்கள். பெட்டி என் சாவியில் இருந்ததால் நான் தேய்த்ததை அவர்கள் பார்த்ததில்லை. தேய்த்து அனுப்பிய பெட்டியைத் திறந்து பார்த்த ஒருவர் இருந்தார். மருமகள் போனில் அவரைப் பிடித்து, எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அப்பா, மாமா பசை போட்டுத் தேய்ச்சு அனுப்பறது உங்களுக்குத் தெரியுமா?”

“பெட்டியைத் திறந்தா வாசனை வரும்மா.”

“சொல்லியிருக்கலாமில்லே?”

“மனுஷன் அவ்வளவு அக்கறையாத் துலக்கி அனுப்பறார். எப்படிச் சொல்றது? பளபளன்னு இருக்குன்னுதான் சொல்ல முடிஞ்சுது.”

அது உண்மைதான். வருஷா வருஷம் சொல்வார். நானும் வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்.

பெரிய லேபிலிருந்து முடிவு வந்தது. சம்பந்தியின் செட் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. எங்கள் செட்டில் மற்றவை பிழைத்துக்கொண்டன. பன்னிரண்டு மில்லிக் கட்டை இரண்டு மைக்ரான் குறைந்திருந்தது. தன் சரியான கட்டையை எங்கள் தேய்ந்த கட்டைக்குத் தக்கபடி மரியாதைக்காகத் திருத்திக்கொண்டு, பாவம், சம்பந்தி தெருவுக்கே அந்த அளவைத்தான் ஒட்டியிருக்கிறார்.

எங்கள் தண்டுகளும் அந்தக் கட்டையைப் பார்த்து அளந்தவைதான். பன்னிரண்டு என்று நினைத்து அனுப்பியதெல்லாம் இரண்டு மைக்ரான் மெலிந்தவை. ஐந்து மைக்ரான் குறையலாம் என்ற அந்த ஓரத்தை ஒட்டி வெட்டிய தண்டு எத்தனை இருக்குமோ, அத்தனையும் அளவைத் தாண்டிப் போயிருக்கும். தம்பி முதல் முறையாக ஜோக் அடிக்காமல் நின்றான்.

அப்போது என் மகன் பேசினான். “ஓரத்துல எதுவும் இருக்காது. நான் நடுவுலதான் வெட்டுவேன்.”

“எல்லாத்தையுமா?” என்றாள் மருமகள்.

“எல்லாத்தையும். கூடுதல் பக்கமும் போறதில்லை, குறைச்சல் பக்கமும் போறதில்லை. ரெண்டு பக்கமும் வம்பு.”

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் நாங்கள் எடுத்து வைத்திருந்த தண்டுகளைப் புதிதாகச் சரிபார்த்த கருவியால் அளந்து பார்த்தார்கள். ஒன்றுகூட அளவை மீறவில்லை. மருமகள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்கும் மாமாவுக்கும் நடுவுல நிக்கறாரேன்னு இத்தனை நாளாத் திட்டிக்கிட்டிருந்தேன். மெஷின்லயும் அங்கேயேதான் நின்னிருக்கார்,” என்றாள். அன்று மாலை அவனுக்குத் திராட்சை வாங்கி வந்து தந்தாள்.

நடந்ததை எல்லாம் பம்பு கம்பெனிக்கு எழுதிவிட்டோம். தணிக்கை அம்மா மறுபடி வந்தார். படித்தார். வெள்ளிப் பசை என்ற இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். மெலிந்த சிரிப்பு இந்த முறை கொஞ்சம் பருத்தது.

மருமகளின் முடிவு இதுதான். மாஸ்டர் கட்டைகள் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு மட்டுமே போகும். மற்றக் கருவிகளைச் சரிபார்ப்பவருக்கு அங்கீகாரம் கட்டாயமில்லை. ஆனால் அவர் தன் மாஸ்டர் மேலே எங்கே போய்ச் சேருகிறது, எந்த முறையில் அளக்கிறார், எவ்வளவு பிசகலாம் என்று காட்ட வேண்டும், நாங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இவற்றைக் காட்டிவிட்டதால் சம்பந்தி தொடரலாம். கடைசியில் ஒரு வரி: ‘உறவுமுறை ஆதாரமாக ஏற்கப்படாது.’ அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அதற்குக் கீழே என் கையெழுத்தும் தேவைப்பட்டது. போட்டேன்.

சம்பந்தி கடையைச் சாத்தவில்லை. தன் ஸ்டிக்கர் உள்ள ஒவ்வொரு கடைக்கும் தானே போய், பிசகைச் சொல்லி, கருவிகளைத் திரும்ப வாங்கி வந்து சரிசெய்து கொடுத்தார். அவர் தனியாகப் போவது முறையல்ல என்பதால் நானும் கூடவே போனேன். ஸ்பிரிங் கடைக்காரர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்:

“என்ன மைக்ரான், உங்க மகளே உங்களை ஃபெயிலாக்கிட்டாளாமே?”

“இல்லைங்க. கேள்வி கேட்டா. ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் தப்பு,” என்றார் சம்பந்தி. “உங்க மைக்ரோமீட்டரைக் கொடுங்க. அப்புறம், உங்க மேல் பொத்தானைப் பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்க.”

கடைக்காரர் கொடுத்தார். அடுத்த கடையில் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு கடைகூட அவரை விட்டுப் போகவில்லை. இப்போது சம்பந்தி அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். கட்டாயமில்லை என்று மகளே எழுதிவிட்டாளே என்று கேட்டேன். “அதனாலதான் சம்பந்தி. கட்டாயம்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்,” என்றார்.

எங்கள் பன்னிரண்டு மில்லிக்குப் பதில் புதிய கட்டை வாங்கியாயிற்று. அலமாரிச் சாவி மருமகளிடம் இருக்கிறது. நானே கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை. பசை டப்பாவை என் மனைவி எங்கே வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

இப்போது கடைத்தெருவில் சுற்றும் பேச்சுக்கு வருகிறேன். என்னைப் பார்த்ததும் சிலர் எழுந்து நின்று, மரியாதையாக, என் காதுபடவே சொல்கிறார்கள்: மைக்ரானுடைய கட்டை தேய்ந்துபோயிருந்ததாம், பெரியவர் கண்ணுக்கு அது தப்பவில்லையாம், சம்பந்தி என்றும் பாராமல் கண்டுபிடித்துவிட்டாராம்.

அது தவறு. தேய்ந்தது எங்கள் வீட்டுக் கட்டை. தேய்த்தது நான். சம்பந்தியுடையது சரியாக இருந்தது.